துப்பாக்கியைப் பிரிப்பதற்கு முன்

நின்றுபோன ரைபிளை, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொண்டுவரும் ஜவான் பெரும்பாலும் அதை ஏற்கெனவே ஒருமுறை கழற்றி மாட்டியிருப்பார். சிக்கிய தோட்டாவை ஏதாவது ஒரு முனையால் நெம்பி எடுத்திருப்பார். மேகசினைப் பக்கத்தில் இருந்தவரோடு மாற்றிக்கொண்டிருப்பார். வெளியே விழுந்த வெற்றுக்கூடு ரேஞ்சின் புல்லுக்குள் எங்கோ கிடக்கும். என்ன நடந்தது என்பதற்கு இருந்த சாட்சிகள் எல்லாம் கலைந்துபோன பிறகு, "சரியா ஓட மாட்டேங்குது" என்ற ஒரு வாக்கியத்தோடு ரைபிள் என் மேசைக்கு வரும்.

ராணுவத்தின் கருவிப் பராமரிப்புப் பிரிவான ஈ.எம்.ஈ.யில் ஆர்மரராக இருந்த காலம் முழுக்க நான் ஜவான்களிடமும், கோத் என்னும் ஆயுத அறையின் பொறுப்பாளர்களிடமும் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். துப்பாக்கி நின்றால், குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்து, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, நின்ற நிலையிலேயே உள்ளே பாருங்கள். குழலின் பின்வாயை அடைக்கும் பிரிச் பிளாக் எங்கே நிற்கிறது, தோட்டாவின் மூக்கு எதில் முட்டியிருக்கிறது, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா நிறைந்ததா? இந்த மூன்றையும் பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கூடு சொல்லிவிடும். படையில் அதைக் கோக்கா என்போம். சுட்டு முடித்ததும் கோக்காவை எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் பொறுக்குவார்கள். அதைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு.

நான் சேர்ந்தபோது காலாட்படையின் கையில் 7.62 எஸ்.எல்.ஆர். இருந்தது. பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் ரைபிளை ஒட்டி இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் செய்யத் தொடங்கிய 1ஏ1. 1962 போரில் நம் ஆட்கள் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளும் 303ஐ வைத்துக்கொண்டு நின்றார்கள்; தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள் அதற்குப் பிறகுதான் பரவலாக வந்தது. தானாக ஏற்றுகிறது என்றால், மனிதனின் கை செய்த வேலையை, மருந்து எரிந்து எழும் வாயு செய்கிறது என்று பொருள். 303இல் கூடு ஒட்டிக்கொண்டால் சிப்பாய் உள்ளங்கையால் போல்ட்டை ஓங்கித் தட்டித் திறந்துவிடுவார். வாயுவுக்கு அந்த அறிவு கிடையாது. அதற்கு அளந்து கொடுத்த பலம்தான். அந்தப் பலத்தைத் தின்ன அழுக்கு, துரு, கெட்டியான எண்ணெய், வளைந்த மேகசின் என்று எத்தனையோ காத்திருக்கும்.

எஸ்.எல்.ஆரில் முன்னால், வாயு சிலிண்டரைச் சுற்றி, பல் பல்லாகத் திரும்பும் ஒரு ரெகுலேட்டர் வளையம் உண்டு. அதைத் திறந்தால் வாயு வெளியே போய்விடும். மூடினால் பிஸ்டனுக்குப் போகும். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டு, ஒவ்வொரு பல்லாக மூடிக்கொண்டு வருவோம். கூடு ஒழுங்காக வெளியே விழும் இடம் வந்ததும், அழுக்குக்காக இன்னும் இரண்டு பல் மூடி நிறுத்துவோம். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் முழுக்க மூடிவைத்துவிடுவார்கள். அப்படி வைத்த ரைபிள் ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் கூடு பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் நசுங்கிப் போய் விழும். ஒவ்வொரு சுடுதலுக்கும் உள்ளே இரும்பு இரும்போடு அடித்துக்கொள்ளும். சில மாதங்களில், கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகம் உடைந்து வரும். "திடீர்னு உடைஞ்சிடுச்சு சாப்" என்பார்கள். திடீரென்று எதுவும் உடைவதில்லை. அதனால் ரேஞ்சில் நான் முதலில் பார்ப்பது கூடுகள் விழுந்த இடத்தை. எஸ்.எல்.ஆரின் எஜெக்டர் ரிசீவரோடு பதிந்து அசையாமல் நிற்கும் கட்டை. பின்னால் வரும் கூடு அதில் மோதித்தான் வெளியே தெறிக்கிறது. வேகமாக மோதினால் தூரம் போகும், மெதுவாக மோதினால் காலடியில் விழும், இன்னும் மெதுவென்றால் வாசலிலேயே செங்குத்தாகச் சிக்கி நிற்கும். பதினைந்து பேர் சுட்ட வரிசையில் யாருடைய ரைபிள் களைத்திருக்கிறது என்பதைத் துப்பாக்கிகளைத் தொடாமலே தரையைப் பார்த்துச் சொல்லலாம்.

ஒருமுறை ஒரு கம்பெனியிலிருந்து ஒரு ரைபிள் வந்தது. ஒரு குண்டு சுடும், அதோடு நின்றுவிடும். கையால் இழுத்தால்தான் அடுத்தது. பிஸ்டனை மாற்றியிருந்தார்கள், ரிடர்ன் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள், எக்ஸ்ட்ராக்டரும் புதிது. பழைய பாகங்கள் மூன்றும் ஒரு துணியில் சுற்றிக் கூடவே வந்திருந்தன. மூன்றும் நல்ல பாகங்கள். முன்னால் இருக்கும் வாயு செருகைப் பார்த்தேன். ரைபிள் கிரனேடு எறிவதற்காக அந்தச் செருகைத் தலைகீழாகத் திருப்பினால் பிஸ்டனுக்குப் போகும் வாயு முழுவதும் அடைபட்டுவிடும். கிரனேடைத் தள்ள எல்லா பலமும் குழலுக்கே போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. துடைத்து மாட்டியவர் செருகை அந்தப் பக்கமாகவே மாட்டியிருந்தார். அரைச் சுற்றுத் திருப்பினேன், ஓடியது. யாரும் சோம்பேறிகள் இல்லை, எல்லாரும் உழைத்திருந்தார்கள். உழைப்பு முழுவதும் துப்பாக்கியின் பின்பக்கம் நடந்திருந்தது, அவ்வளவுதான். குறை கண்ணுக்குத் தெரியும் இடம் பிரிச்சு. அது பிறக்கும் இடம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

தோட்டா ஏறாத கேஸ்களில் மேகசின்தான் பெரும்பாலும் குற்றவாளி. துப்பாக்கிக்கு நம்பர் உண்டு, ஆளுக்கு ஆள் ஒதுக்கி ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். மேகசின் மட்டும் கும்பலாகப் பெட்டியில் கிடக்கும், எடுத்தவருக்கு எடுத்தது. அதன் வாயில் இரண்டு மடிப்பிதழ்கள் உண்டு. தோட்டாவைப் பிடித்து, சரியான கோணத்தில் நீட்டிக் கொடுப்பது அவைதான். மேகசின் கான்கிரீட்டில் ஒருமுறை தலைகுப்புற விழுந்தால் ஓர் இதழ் கொஞ்சம் விரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு. அதற்குப் பிறகு தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டோ தொங்கப் போட்டுக்கொண்டோ வந்து சேம்பர் விளிம்பில் முட்டும். நான் போன யூனிட்டுகளில் எல்லாம் முதலில் செய்யச் சொன்னது, ஒவ்வொரு மேகசின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர். நின்றால் ரைபிள் நம்பரையும் மேகசின் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். கொஞ்ச நாளில், வேறு வேறு ரைபிள்களில் ஏற்பட்ட தடைகளுக்கு எதிரே ஒரே மேகசின் நம்பர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இந்த நோட்டுப் புத்தகம் எனக்கு எந்தக் கருவியையும் விட அதிகம் உதவியது. இன்றைக்கும் எந்த ஆர்மரர் என்னிடம் யோசனை கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மாட்டும் விதமும் உண்டு. எஸ்.எல்.ஆர். மேகசினை நேராக மேலே குத்தினால் உட்காராது. முன்முனையைக் கொக்கியில் கொடுத்து, பின்பக்கத்தை ஆட்டி மேலே தள்ளினால் 'டக்' என்று பிடிக்கும். அந்தச் சத்தம் வராமல் தொங்கிக்கொண்டிருக்கும் மேகசினோடு ஓர் இளைஞன் இலக்கின் எதிரே படுத்துக் காலி சேம்பரைச் சுட்டுக்கொண்டிருப்பதை எல்லா ரேஞ்சிலும் பார்க்கலாம்.

303 காலத்தின் தொல்லை வேறு மாதிரி. அந்தத் தோட்டாவுக்கு அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் மாட்டினால் மேல் தோட்டா நகராது. பிரென் எல்.எம்.ஜி. என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் வாழைக்காய் மாதிரி வளைந்திருந்ததற்கும் அந்த விளிம்புதான் காரணம். பிரென்னை 7.62க்கு மாற்றியபோது விளிம்பில்லாத தோட்டா வந்ததால் மேகசினும் ஏறக்குறைய நேராகிவிட்டது. முப்பது பிடிக்கும் மேகசினில் இரண்டு மூன்று குறைத்தே போடுவது பழைய கைகளின் வழக்கம். ஸ்பிரிங்குக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்பார்கள். பிரென் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை. நான்கு துளை கொண்ட ரெகுலேட்டர். துப்பாக்கி தளர்ந்தால் பெரிய துளைக்குத் திருப்பிவிட்டுச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். வடிவமைத்தவர்கள் சேறும் புகையும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டே செய்த ஆயுதம் அது.

இனி கூடு வெளியே வராத கதை. இதுதான் ஆளைக் கொல்லும் தடை. ஏறாத தோட்டாவைக் கையால் ஏற்றிவிடலாம். சேம்பருக்குள் ஒட்டிக்கொண்ட கூட்டுக்குப் பின்னால் அடுத்த தோட்டா வந்து குத்தி நின்றால், எதிரி எதிரே இருக்கும்போது அதைப் பிரித்தெடுக்க நேரம் இராது.

எக்ஸ்ட்ராக்டர் பழுது என்று சொல்லித்தான் கொண்டுவருவார்கள். நான் கூட்டின் விளிம்பைப் பார்ப்பேன். நகம் பிடித்த இடத்தில் பித்தளை கிழிந்திருந்தால், எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையை உயிரைக் கொடுத்துச் செய்திருக்கிறது. கூட்டைப் பிடித்து வைத்தது சேம்பர். விளிம்பு பழுதில்லாமல் இருந்து, மேலே ஒரு வழுக்கல் கீறல் மட்டும் தெரிந்தால், நகம் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் அடியில் கரி அடைத்து முழுக்க இறங்கவிடாமல் தடுக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கூட்டின் உடம்பில் நீளவாக்கில் கோடுகள் இருந்தால் சேம்பர் சுவரில் துருக்குழி. எல்லாமே ஒரு விரல் நீளப் பித்தளையில் எழுதியிருக்கும்.

சேம்பர் ஏன் அழுக்காகிறது? தினமும் ஃபுல்த்ரூ என்ற துடைப்புக் கயிற்றில் துணி கட்டிக் குழலுக்குள் இழுக்கிறார்களே என்று கேட்கலாம். அதிகாரிகளும் கேட்டிருக்கிறார்கள். அப்போது நான் ஒரு துணியை எடுத்துக் காட்டுவேன். குழலின் துளை 7.62 மில்லிமீட்டர். அதற்கு இறுக்கமாக மடித்த துணி அது. சேம்பரின் பின்வாயோ 12 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. குழலில் உரசிக்கொண்டு போகும் துணி சேம்பருக்குள் நுழையும்போது சுவரைத் தொடுவதே இல்லை. ஃபுல்த்ரூவைப் பின்னாலிருந்து விட்டு முன்னால் இழுத்து, குழலுக்குள் வெளிச்சம் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சேம்பரில் கரியும் பழைய எண்ணெயும் சேர்ந்து அரக்காகப் பிடித்துக்கொண்டே வரும். ஒரு குச்சியில் துணியைத் தடிமனாகச் சுற்றிச் சேம்பருக்குள் விட்டுத் திருகினால் கறுப்பாக வரும். இரண்டாவது துணியும் கறுப்பாக வரும். எத்தனையோ பட்டாளங்களில், ஒருமுறை பார்த்த பிறகு மேஜர்களே தங்கள் ரைபிளில் சோதித்துப் பார்த்தார்கள். சேம்பர் பிரஷ் கேட்டு இண்டென்ட் என்னும் கோரிக்கைச் சீட்டுப் போடுவது அதற்குப் பிறகு எளிதானது.

பயிற்சி வகுப்புகளில் நான் வியட்நாமைச் சொல்லாமல் விட்டதில்லை. 1960களின் நடுவில் அமெரிக்கா அங்கே எம்.16ஐ அனுப்பியது. தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும் துப்பாக்கி என்ற பேச்சு பரவி, பலருக்குச் சுத்தம் செய்யும் கருவிகள் கூடப் போய்ச் சேரவில்லை. வடிவமைப்பின்போது பயன்படுத்திய மருந்துக்குப் பதிலாக வேறு வகை மருந்து தோட்டாவில் வந்தது; கரி கூடியது, ஓட்டத்தின் வேகமும் ஏறியது. சேம்பருக்குக் குரோம் பூச்சு இல்லை. அந்த நாட்டின் ஈரத்தில் குழி விழுந்தது. கூடுகள் உள்ளேயே ஒட்டிக்கொண்டன. செத்துக் கிடந்த வீரர்களின் ரைபிள்கள் பாதி பிரித்த நிலையில் கண்டெடுக்கப்பட்டன என்ற புகார்கள் எழுந்தன. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு இதை விசாரித்தது. குரோம் பூசிய சேம்பர், திருத்திய பஃபர், ஆளுக்கு ஆள் துடைக்கும் கருவி என்று வந்த பிறகு அதே துப்பாக்கி நம்பகமானதாகியது. துடைப்பதைப் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்க வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞரைக் கொண்டு 1968இல் ஒரு கையேடே வரையச் செய்தார்கள். அந்த இளைஞர்களின் மரணத்துக்குக் காரணம் ஒரு நகமோ ஸ்பிரிங்கோ இல்லை. தோட்டா, சேம்பர், துடைப்பு மூன்றையும் வேறு வேறு மேசைகளில் வேறு வேறு ஆட்கள் முடிவு செய்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வரும்.

காஷ்மீரில் ஏ.கே. ரைபிள்கள் கைக்கு வந்தபோது எங்களுக்கு வேலை குறைந்தது என்றே சொல்ல வேண்டும். அதன் தோட்டாக்கூடு நன்றாகக் கூம்பியது. இழுத்த மாத்திரத்தில் சுவரை விட்டு விலகிவிடும். மேகசின் அவ்வளவு வளைந்திருப்பதும் அந்தக் கூம்பினால்தான். குழலுக்கும் சேம்பருக்கும் குரோம். எக்ஸ்ட்ராக்டரின் நகம் தாராளமானது. வாயுவும் தேவைக்கு அதிகமாகவே கொடுத்திருக்கிறார்கள். எஸ்.எல்.ஆர். வைத்திருந்தவர் அதன் குறிபார்க்கும் திறனுக்காக அதை விடமாட்டேன் என்பார், அதுவும் நியாயம்தான். ஆனால் ராத்திரி முழுக்கப் பனியில் படுத்துக் கிடப்பவருக்கு நான் ஏ.கே.யைத்தான் கொடுப்பேன்.

1990களின் கடைசியில் 5.56 இன்சாஸ் வந்தது. ஏ.கே.யின் சுழலும் போல்ட்டும் ஃபால் பாணி ரெகுலேட்டரும் சேர்ந்தது. உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று தெரியும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மேகசின். யோசனை நல்லது. 1999 கார்கில் போரின்போது உயரக் குளிரில் அந்த மேகசின்களில் விரிசல் விட்டதாகச் செய்திகள் வந்தன. நாடு முழுக்கப் பேசப்பட்டது. பிளாஸ்டிக் குளிரில் முறுகிப்போகும். விரிசல் இதழ்ப் பக்கம் போனால், ரைபிள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தோட்டா ஏறாது. பழைய கதைதான், பொருள் மட்டும் புதிது.

குளிரில் மேகசினை விட எண்ணெய்தான் அதிகத் தொல்லை. சமவெளியில் போடும் எண்ணெய் லடாக் குளிரில் மெழுகாகிவிடும். போல்ட் முன்னே போகும், ஆனால் சோம்பலாகப் போகும். முழுக்கப் பூட்டாமல் நிற்கும். துணியால் துடைத்து, விரலில் ஒட்டும் அளவே குளிர்கால எண்ணெய் விட வேண்டும். இன்னொன்று பலருக்குத் தோன்றாது. வெளியே உறைந்து கிடந்த ரைபிளை அடுப்பெரியும் பங்கருக்குள் எடுத்து வந்தால் இரும்பெல்லாம் வியர்க்கும். மறுபடி வெளியே கொண்டுபோனால் அந்த வியர்வை பனிக்கட்டியாகி விசையையும் எக்ஸ்ட்ராக்டரையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே ரைபிளை வெளியிலேயே, மூடிய இடத்தில் குளிரோடு குளிராக வைப்பதே நல்லது. உள்ளே எடுத்தால் முழுக்கக் காயும்வரை துடைக்க வேண்டும். ராஜஸ்தானில் நேர்மாறு: எண்ணெய் விட்டால் அந்த மாவு மணல் அதில் ஒட்டித் தேய்ப்புத்தாள் ஆகிவிடும். தோட்டாக்களில் எண்ணெய் தடவும் பழக்கத்தை எங்கே பார்த்தாலும் நிறுத்தியிருக்கிறேன். எண்ணெய் பூசிய கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு பலத்தோடு பிரிச் மேல் மோதும். மணலையும் கூட்டி வரும்.

ஒரு வகைத் தடையில் மட்டும் நான் யாரையும் கை வைக்க விட்டதில்லை. கூடு நடுவில் அறுந்து, அடிப்பாகம் மட்டும் வெளியே வந்து, மேல்பாதி சேம்பருக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா பாதி நுழைந்து நிற்கும். உள்ளே இருப்பதை எடுக்கத் தனிக் கருவி உண்டு, எடுத்துவிடலாம். எடுத்த பிறகு சுடக் கூடாது. கூடு அறுகிறது என்றால் பிரிச்சுக்கும் கூட்டின் அடிக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கலாம். அதைக் கண்ணால் அளக்க முடியாது, கேஜ் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் சுட்ட கூடுகளைத் தேடி எடுத்தால், அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையக் கோடு தெரியும். அறுவதற்கு முந்தைய அடையாளம் அது. கேஜில் தவறிய ரைபிளுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டிப் பணிமனைக்கு அனுப்பிவிடுவேன். ஃபயரிங் போட்டி நாளை என்று யார் வந்து கெஞ்சினாலும், எந்த ரேங்க்கில் இருந்தாலும், அந்தச் சீட்டை நான் அவிழ்த்ததில்லை.

ஓய்வு பெற்று வேலூர்ப் பக்கம் ஊரோடு வந்துவிட்ட பிறகும் ஃபோன் வருகிறது. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது வழக்கம். கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே சொல்வார்கள். துணை ராணுவப் படை ஒன்றில் புதிதாக ஆர்மரர் ஆன ஒரு பையன் போன மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, ஆறு ரைபிள்ல கோக்கா உள்ளயே நிக்குது. எக்ஸ்ட்ராக்டர் எல்லாம் மாத்திரலாம்னு இருக்கேன்."

"விளிம்பு கிழிஞ்சிருக்கா, தம்பி?"

"நாலுல கிழிஞ்சிருக்கு அண்ணே. ரெண்டுல சும்மா கீறல்."

"நாலோட சேம்பர்லயும் குச்சியில துணி சுத்தி விட்டுப் பாரு. ரெண்டுல நகத்துக்கு அடியில குத்திப் பாரு. அந்தத் தோட்டா எந்த லாட், எங்க வெச்சிருந்தீங்க?"

மறுநாள் கூப்பிட்டுச் சொன்னான். நான்கு சேம்பரிலும் அரக்கு. இரண்டில் நகத்துக்கு அடியே கரி. தோட்டாப் பெட்டி கூரை ஒழுகும் மூலையில் இருந்திருக்கிறது. பித்தளையில் பச்சை பூத்திருந்தது. ஆறு எக்ஸ்ட்ராக்டருக்கான இண்டென்ட்டைக் கிழித்துவிட்டு, சேம்பர் பிரஷ் பன்னிரண்டும், பெட்டிக்கு அடியில் வைக்க மரப்பலகையும் கேட்டு எழுதியிருக்கிறானாம். மேகசின்களுக்கு நம்பர் போட வெள்ளைப் பெயிண்டையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.